ஸ்லைடில் தெரியாத சாவு

1980-களின் கடைசியில் நான் திருச்சிக்கு வந்தபோது, வெட்டி எடுத்த இரைப்பை லேபுக்குப் பெயிண்ட் வாளியில்தான் வந்து சேரும். புத்தூரிலிருந்தோ தில்லைநகரின் ஏதோ ஒரு கிராஸிலிருந்தோ நர்சிங் ஹோம் பையன் சைக்கிள் ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு வருவான். வாளியில் ஒட்டிய பிளாஸ்திரியில் பெயர், வயது, 'சி.ஏ. ஸ்டமக்', அதாவது இரைப்பைப் புற்றுநோய். அதற்கு மேல் தெரிய வேண்டுமானால் சர்ஜனுக்குப் போன் போட வேண்டும். ஃபார்மலின் ஊற்றாமல் வெறும் சலைனில் மிதந்து வருவதும் உண்டு. சித்திரை, வைகாசி வெயிலில் அப்படி வந்தால் மூடியைத் திறக்கும்போதே எங்கள் டெக்னீஷியன் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

இரைப்பையின் பெருவளைவை ஒட்டி நெடுக வெட்டித் திறந்து, கார்க் பலகையில் குண்டூசி குத்தி விரித்து, ராத்திரி முழுக்க ஃபார்மலினில் கவிழ்த்து வைப்போம். மறுநாள் துண்டு போடுவது, பாரஃபின் பிளாக், மைக்ரோடோம், எச் அண்ட் இ ஸ்டெய்ன். எங்களுக்கு வந்த கட்டிகள் பெரும்பாலும் இரைப்பையின் கீழ்ப்பகுதியில், வெளிவாசலை அடைத்துக்கொண்டு இருக்கும். மணப்பாறை, துறையூர், அரியலூர்ப் பக்கத்து மனிதர்கள். மாதக்கணக்கில் அல்சர் என்று மாத்திரை விழுங்கிவிட்டு, சாப்பிட்டதெல்லாம் சாயந்திரம் வாந்தியாக வர ஆரம்பித்த பிறகு புறப்பட்டு வந்தவர்கள்.

என் ரிப்போர்ட்டில் சர்ஜன் தேடியது சில விஷயங்களைத்தான். என்ன வகைக் கட்டி, எவ்வளவு ஆழம், வெட்டிய ஓரங்களில் கட்டி இருக்கிறதா, எத்தனை நெறிக்கட்டியில் ஏறியிருக்கிறது. எல்லாமே உயிரோடு இருக்கும் செல்லைப் பற்றிய கேள்விகள். கட்டியின் நடுவில் செத்துக் கிடக்கும் பகுதியை 'நெக்ரோசிஸ் காணப்படுகிறது' என்று ஒரே வரியில் எழுதி நகர்ந்துவிடுவேன். அந்தச் செல்கள் எதனால் செத்தன என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. ரத்தம் எட்டாமல் செத்திருக்கும் என்று பாடப்புத்தகம் சொன்னது, அதோடு சரி.

பின்லாந்துக்காரர் லௌரன் 1965-இல் பிரித்த இரண்டு வகை இன்றும் என் மேசையில் நடைமுறையில் இருக்கிறது. ஒன்று குடலின் சுரப்பி போலத் தன்னைக் கட்டிக்கொள்வது. மற்றது தனித்தனிச் செல்லாக உதிர்ந்து சுவருக்குள் ஊறிப் பரவுவது. இரண்டாவதுதான் வஞ்சகம். உள்ளே மேடு, புண் எதுவும் பெரிதாகத் தெரியாது. இரைப்பை முழுதும் தோல்பை மாதிரி விறைத்துப்போயிருக்கும். ஒருமுறை பெண்கள் மருத்துவர் ஒருவர் இரண்டு சினைப்பையை அனுப்பினார். நாற்பதைத் தாண்டாத பெண். இரண்டு பக்கமும் கெட்டியான கட்டி. ஸ்லைடில் சிக்னெட் ரிங் செல்கள்: சளி நிறைந்து உப்பி, நியூக்ளியஸ் ஓரத்துக்குத் தள்ளப்பட்ட செல். போன் போட்டு, "மேடம், இது ஓவரியோடது இல்ல. வயித்துல டியூப் விட்டுப் பாருங்க" என்றேன். "அந்தம்மாவுக்கு வயித்துல ஒரு கம்ப்ளெயின்டும் இல்லையே சார்" என்றார். டியூப் விட்டபோது இருந்தது. குரூக்கன்பெர்க் கட்டி என்பார்கள். தோன்றிய இடத்தில் சத்தமில்லாமல் இருந்துவிட்டு வேறு வீட்டில் போய்க் கதவைத் தட்டும் ரகம்.

எண்டோஸ்கோப்பி பரவலானதும் வாளிக்குப் பதில் சின்னக் குப்பி வரத் தொடங்கியது. அரிசி மணி அளவில் நாலைந்து துணுக்கு. அவற்றைக் கட்டிக்காக மட்டும் பார்ப்பதில்லை, கிருமிக்காகவும் பார்த்தோம். பெர்த் நகரத்தின் ராபின் வாரன் எங்கள் சாதிக்காரர், நோய்க்குறியியலாளர். வெள்ளி ஸ்டெய்ன் போட்ட இரைப்பைத் துணுக்கில் வளைந்த கிருமியைப் பார்த்துவிட்டு விடாப்பிடியாக நின்றவர். அவரும் பாரி மார்ஷலும் 2005-இல் நோபல் வாங்கினார்கள். அதற்கு முன்பே, 1994-இல், ஹெலிகோபாக்டர் பைலோரி புற்றுநோய்க் காரணிகளின் முதல் பட்டியலில் ஏறிவிட்டது. நம் நாட்டில் அந்தக் கிருமி ஏராளமானோர் வயிற்றில் இருக்கிறது. இரைப்பைப் புற்றுநோய் அந்த அளவுக்கு இல்லை. ஆனால் தெற்கில் நிலவரம் வேறு. அடையாறு புற்றுநோய் நிலையத்தில் 1980-களின் தொடக்கத்தில் ஆரம்பித்த மெட்ராஸ் பதிவேட்டில், ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் இரைப்பை நெடுங்காலம் முதல் இடத்தில் நின்றது. உப்பு, புகையிலை, சாராயம், கிருமி என்று எல்லாவற்றையும் சொல்கிறோம். எது எவ்வளவு என்று என் ஸ்லைடு சொல்லாது.

இரைப்பைப் புற்றுச் செல்லின் சாவில் செம்புக்கும் பங்கு உண்டு என்று இப்போது பேசுகிறார்கள். இனி அந்தச் செம்புக்கு வருகிறேன். செம்பு செல்லைக் கொல்லும் என்பதை நான் 2022-இல் ஒரு அமெரிக்கக் கட்டுரையிலிருந்து கற்றுக்கொள்ளவில்லை. அதற்கு நெடுநாள் முன்பே, சென்னையில் எம்.டி. படித்தபோது, குழந்தைகளின் கல்லீரலில் பார்த்தவன் நான்.

இந்தியக் குழந்தைக் கல்லீரல் இறுக்க நோய் என்று ஒன்று இருந்தது. இன்றைய மாணவர்களுக்குத் தேர்வில்கூட வருவதில்லை. ஆறு மாதத்திலிருந்து மூன்று, நான்கு வயதுக்குள் குழந்தைக்கு வயிறு உப்பும். கல்லீரல் விளிம்பு கூராக, கல் மாதிரி கையில் தட்டும். மஞ்சள் காமாலை, வயிற்றில் நீர், பிறகு சாவு. ஒரே வீட்டில் இரண்டாவது குழந்தைக்கும் வரும். கல்கத்தாவில் 1887-லேயே இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். சென்னை மாகாணத்து வீடுகளில் 'ஜம்மி லிவர் க்யூர்' பாட்டில் இருந்ததற்கு இந்த பயம்தான் காரணம். ஸ்ரீரங்கத்தில் நான் குடியிருக்கும் உத்திர வீதியில், வயதான மாமிகள் சிலரைக் கேட்டால் "கட்டி விழுந்து போச்சு" என்று தங்கள் அண்ணனையோ தம்பியையோ பற்றி இன்றும் சொல்வார்கள்.

அந்தக் கல்லீரல் துணுக்கில் ஓர்சின் ஸ்டெய்ன் போடச் சொல்வார் எங்கள் பேராசிரியர். மஞ்சள் காமாலைக் கிருமியின் புரதத்தைக் காட்டுவதற்காக ஜப்பானியர் 1974-இல் செப்பனிட்ட முறை அது. செம்பைப் பிடித்து வைத்திருக்கும் புரதத்தையும் அது காட்டிக்கொடுக்கும். சாதாரணக் கல்லீரலில் ஒன்றும் தெரியாது. இந்தக் குழந்தைகளின் செல் ஒவ்வொன்றிலும் கரும்பழுப்பு மணிகள் அப்பியிருக்கும். சுற்றிலும் செல்கள் உப்பி, சிதைந்து, ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாக நார் சூழ்ந்திருக்கும். கல்லீரலை உலர்த்தி அளந்தால் ஒரு கிராமுக்கு 50 மைக்ரோகிராமுக்குள் இருக்க வேண்டிய செம்பு 800-ஐத் தாண்டிப் போயிருக்கும்.

செம்பு எங்கிருந்து வந்தது? 1983-இல் ஸ்டூவர்ட் டேனரும் புனே மருத்துவர்களும் விரலைப் பித்தளைப் பாத்திரத்தின் பக்கம் நீட்டினார்கள். தாய்ப்பாலை விட்டுச் சீக்கிரமே பசும்பாலோ எருமைப்பாலோ தண்ணீர் கலந்து, ஈயம் பூசாத செம்பிலோ பித்தளையிலோ காய்ச்சி, அதிலேயே வைத்திருந்து கொடுத்தது. பாலில் உள்ள கேசீன் புரதம் பாத்திரத்திலிருந்து செம்பை இழுத்து வயிற்றுக்குள் கொண்டுபோய்விடுகிறது. பரம்பரைக் கூறும் இருக்க வேண்டும் என்று வாதாடியவர்கள் உண்டு. அந்த வாதம் முற்றாக முடியவில்லை. ஆனால் ஆஸ்திரியாவின் டிரோல் மலைப்பகுதியில், 1900 முதல் 1974 வரை 138 குழந்தைகள் இதே மாதிரி செத்திருக்கிறார்கள் என்று 1996-இல் தெரியவந்தது. அங்கேயும் செம்புச் சட்டியில் காய்ச்சிய பால். பாத்திரம் மாறியதும் அங்கே நோய் நின்றது. இங்கேயும் எவர்சில்வர் அடுக்களைக்குள் வந்த பிறகு, 1990-களில், என் மேசைக்கு அந்தக் கல்லீரல் வருவது அநேகமாக நின்றுவிட்டது. ஈயம் பூசுகிறவர் வீதியில் குரல் கொடுத்துப் போவதும் அதே காலத்தில்தான் நின்றது. அவர் செய்த வேலையின் அருமையை எந்த மருத்துவ வரலாறும் எழுதவில்லை.

செம்புக்கும் எங்கள் தொழிலுக்கும் வேறு உறவும் உண்டு. சிறுநீரில் சர்க்கரை பார்க்க ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சிய பெனடிக்ட் கரைசலின் நீலம் செம்பின் நீலம். ரத்த தானம் செய்ய வந்தவரின் ஒரு சொட்டு ரத்தம் 1.053 அடர்த்தியுள்ள மயில்துத்தக் கரைசலில் மூழ்கினால் ஹீமோகுளோபின் போதும், மிதந்தால் திருப்பி அனுப்பு. அதே மயில்துத்தத்தைக் குடித்துவிட்டு, நீலமாக வாந்தி எடுத்தபடி வந்தவர்களின் ரத்தத்தையும் சோதித்திருக்கிறேன்.

இரைப்பைக்குத் திரும்புகிறேன். 2006-இல் பிரிட்டனிலிருந்து வந்த மேஜிக் ஆய்வு, அறுவைக்கு முன்னும் பின்னும் கீமோ கொடுத்தால் கூடுதலாகப் பிழைக்கிறார்கள் என்று காட்டியது. 2019-இல் ஜெர்மானியரின் ஃப்ளாட் என்கிற நான்கு மருந்துக் கலவை அதைத் தாண்டியது. 716 பேரில் நடந்த சோதனை; சராசரி ஆயுள் 35 மாதத்திலிருந்து 50 மாதமாயிற்று. திருச்சியிலும் மெல்ல மெல்ல அந்த வழக்கம் வந்தது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வந்த பிறகு, விவசாயக் கூலிகளும் நாலு சுற்று கீமோ முடித்துவிட்டு அறுவைக்குப் போனார்கள்.

அப்போது என் மேசைக்கு வந்த இரைப்பை வேறு மாதிரி இருந்தது. கட்டி இருந்த இடத்தில் தழும்பு, சளிக்குட்டை, நுரைத்த மேக்ரோஃபேஜ்கள். நடுவில் எங்கோ நாலைந்து செல்கள். மருத்துவர்கள் புதிய கேள்வியைக் கேட்டார்கள்: "சார், எத்தனை பர்சென்ட் செத்திருக்கு?" மீதம் பத்து சதவீதத்துக்குக் கீழா, ஐம்பதுக்குள்ளா, அதற்கு மேலா என்று பெக்கர் முறையில் தரம் பிரித்து எழுத வேண்டும். அதுவரை ஒரு வரியில் கடந்துபோன சாவு, ரிப்போர்ட்டின் முக்கியமான வரியாக மாறியது. ஒரே மருந்து, ஒரே வகைக் கட்டி. ஒருவருக்கு முற்றும் கரைந்திருக்கிறது, பக்கத்துப் படுக்கைக்காரருக்கு ஒன்றுமே ஆகவில்லை. ஏன்? இந்தக் கேள்விதான் என்னைச் செல் சாவைப் பற்றிப் படிக்க வைத்தது.

செல் சாவதில் ரகம் உண்டு. 1972-இல் ஸ்காட்லாந்தில் கெர், வைலி, கர்ரி மூவரும் அபாப்டோசிஸுக்குப் பெயர் வைத்தார்கள். செல் சுருங்கி, நியூக்ளியஸ் துண்டாகி, ஒழுங்காகச் சாகும் முறை. அது ஸ்லைடில் தெரியும். 2012-இல் இரும்பினால் நேரும் சாவு வந்தது. 2022 மார்ச்சில் பாஸ்டன் பக்கத்து பிராட் நிறுவனத்தின் பீட்டர் ஸ்வெட்கோவ் குழு, 'சயன்ஸ்' இதழில் செம்பினால் நேரும் சாவைத் தனி வழியாகக் காட்டியது. குப்ரோப்டோசிஸ் என்று பெயர்.

அவர்கள் சொன்னது இது. செல்லுக்குள் அளவு மீறிச் சேரும் செம்பு நேராக மைட்டோகாண்ட்ரியாவுக்குப் போகிறது. அங்கே உணவை எரிக்கும் சுழற்சியில் சில புரதங்களுக்கு லிப்போயிக் அமிலத்தின் வால் உண்டு, டி.எல்.ஏ.டி அவற்றில் முக்கியமானது. செம்பு அந்த வாலைப் பிடித்துக்கொள்ள, புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, பால் திரிவதுபோலத் திரிந்துவிடுகின்றன. கூடவே இரும்பு-கந்தகக் கொத்துள்ள புரதங்களும் குலைகின்றன. செல் தாங்க முடியாமல் சாகிறது. அபாப்டோசிஸைத் தடுக்கும் மருந்து கொடுத்தும் இந்தச் சாவு நிற்கவில்லை. எஃப்.டி.எக்ஸ்-1 என்ற ஒரு மரபணுவை எடுத்துவிட்டால் நிற்கிறது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான். ஆக்சிஜன் வைத்து எரித்துப் பிழைக்கும் செல், சர்க்கரையைப் புளிக்க வைத்துப் பிழைக்கும் செல்லைவிட ஏறக்குறைய ஆயிரம் மடங்கு எளிதாகச் செம்புக்குப் பலியாகிறது. ஒரு செல் எப்படிச் சாகும் என்பதை அது எப்படிப் பிழைக்கிறது என்பதுதான் தீர்மானிக்கிறது. இத்தனை வருடம் செத்த இடத்தைச் செத்த இடமாகவே பார்த்த எனக்கு அது உறைத்தது.

அடுத்த இரண்டு வருடங்களில் இரைப்பைப் புற்றுநோயும் குப்ரோப்டோசிஸும் என்று கட்டுரைகள் வெள்ளமாக வந்தன, பெரும்பாலும் சீனாவிலிருந்து. படிக்க ஆரம்பித்தேன்; சலித்துவிட்டது. அமெரிக்கப் பொதுத் தரவுக் கிடங்கிலிருந்து இரைப்பைக் கட்டிகளின் மரபணு அளவுகளை இறக்கி, செம்புச் சாவோடு தொடர்புள்ள பத்து மரபணுக்களை வைத்து, இவர் பிழைப்பார், இவர் பிழைக்க மாட்டார் என்று மதிப்பெண் போடுவது. கணினி முன்னால் உட்கார்ந்தபடியே முடிக்கக்கூடிய வேலை. ஒரு திசுவைத் தொட்டதில்லை, ஒரு செல்லையும் சாகவிட்டுப் பார்த்ததில்லை. இவற்றில் பலவற்றை நான் ஆய்வென்றே மதிப்பதில்லை.

விதிவிலக்கு உண்டு. 2023-இல் 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழில் வந்த ஒன்று இரைப்பைத் திசுவையே எடுத்து அளந்தது. கட்டித் திசுவில் செம்பு கூடுதலாக இருந்தது. அந்தச் செம்பு மெட்டில்-16 என்ற புரதத்தில் லாக்டேட் ஒட்டுவதைத் தூண்டுகிறது, அதனால் எஃப்.டி.எக்ஸ்-1 கூடுகிறது, செல் செம்புச் சாவுக்குப் பக்குவப்படுகிறது. ஒட்டிய லாக்டேட்டைக் கழற்றிவிடும் சர்ட்-2 நொதியைத் தடுத்து, எலெஸ்க்ளோமோல் என்ற செம்பு சுமக்கும் மருந்தையும் கொடுத்தால் கட்டி இன்னும் நன்றாகச் சாகிறது. இதெல்லாம் செல் வளர்ப்பிலும் எலியிலும். மனிதனுக்கு இன்னும் தூரம் இருக்கிறது.

எலெஸ்க்ளோமோலின் கதை புற்றுநோய் மருத்துவர்களுக்குக் கசப்பான கதை. மெலனோமா என்ற தோல் புற்றுநோயில் 651 பேருக்கு நடந்த சோதனை 2009-இல் பாதியில் நின்றது. மருந்து வாங்கியவர்கள் பக்கம் சாவு அதிகமாகத் தெரிந்தது. பிறகு கணக்கைப் பிரித்துப் பார்த்தால், ரத்தத்தில் எல்.டி.ஹெச் சாதாரணமாக இருந்தவர்களுக்கு மருந்தினால் பலன் இருந்திருக்கிறது. எல்.டி.ஹெச் நம் ஊரில் எந்த லேபிலும் செய்யும் சாதாரண டெஸ்ட். சர்க்கரையைப் புளிக்க வைத்துப் பிழைக்கும் கட்டியில் அது ஏறும். ஆக, மருந்தை எல்லாருக்கும் கொடுத்ததால் தோற்றது. ஆளைப் பிரித்துக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வி பதினைந்து வருடமாக நிற்கிறது. குடியை நிறுத்தக் கொடுக்கும் டைசல்ஃபிராமும் உடலில் செம்போடு சேர்ந்துதான் புற்றுநோய்ச் செல்லைத் தாக்குகிறது என்று 2017-இல் 'நேச்சர்' இதழில் வந்தது. அது வேறு வழி, வேறு புரதம். அதைப் படித்துவிட்டு மருந்துக்கடையில் தானாக வாங்கிச் சாப்பிட்டவரை எனக்குத் தெரியும். உடம்பில் சாராயம் இருக்கும்போது அந்த மாத்திரை ஆளையே சாய்த்துவிடும், விளையாட்டில்லை.

எங்கள் வீதி மாமி ஒருவர் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டே வந்தார். மாமாவுக்கு இரைப்பையில் ஆபரேஷன் ஆகி ஒரு வருடம். "டாக்டர், தாமிரம் கேன்ஸரக் கொல்லும்னு போட்டிருக்கானே. ராத்திரி செம்புல ஜலம் வச்சிருந்து கார்த்தால குடுத்தாப் போறுமோ?"

உட்கார வைத்துச் சொன்னேன். செம்புப் பானையில் ராத்திரி வைத்த தண்ணீரில் வயிற்றுப்போக்குக் கிருமிகள் சாகின்றன. பெங்களூரில் சோதித்து 2012-இல் எழுதியிருக்கிறார்கள். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்காதீர்கள். பெரியவர் உடம்பு முழுக்கச் சேர்த்தால் செம்பு ஏறத்தாழ 100 மில்லிகிராம்தான். கூடுதலாக வருவதைக் கல்லீரல் பித்தத்தில் தள்ளிவிடும். கட்டிச் செல்லின் மைட்டோகாண்ட்ரியா வரைக்கும் அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கத்தான் அந்த மருந்துகள், பானையால் முடியாது. தண்ணீர் குடித்தால் தோஷமில்லை. மோர், புளித்தண்ணீர், எலுமிச்சை எதையும் அதில் வைக்காதீர்கள், களிம்பு ஏறிவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை செக்கப்பை மட்டும் தவற விடாதீர்கள். "அப்போ பேப்பர்ல போட்டது பொய்யா?" என்றார். பொய் இல்லை மாமி, பாதி வழியில் நிற்கும் செய்தி என்றேன். அவருக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை.

போன வருடம் முனைவர் பட்டத்துக்குப் படிக்கும் பெண் ஒருத்தி என் பழைய பிளாக்குகளைக் கேட்டு வந்தாள். கீமோவுக்கு முன் எடுத்த துணுக்கு, கீமோவுக்குப் பின் எடுத்த இரைப்பை, இரண்டும் ஒரே ஆளுடையதாக இருக்கும் ஜோடிகள். எஃப்.டி.எக்ஸ்-1 எதில் இருக்கிறது, எதில் இல்லை, யாருடைய கட்டி கரைந்தது என்று பொருத்திப் பார்க்கப் போகிறாள். கூடவே திசுவில் செம்பு எவ்வளவு என்றும் அளக்க ஆசை. நல்ல கேள்வி, கணினியில் மட்டும் செய்கிற வேலையும் இல்லை. சிஸ்பிளாட்டின், ஆக்ஸாலிபிளாட்டின் போன்ற பிளாட்டின மருந்துகள் செல்லுக்குள் நுழைய செம்பின் வாசலையே பயன்படுத்துகின்றன என்று 2002 முதல் ஒரு வாதம் உண்டு, மறுத்தவர்களும் உண்டு. அதற்கும் இந்த ஜோடிகளில் ஏதாவது தெரியலாம்.

நெறிமுறைக் குழுவின் அனுமதி வந்ததும் ரெஜிஸ்டரைப் பிரித்து உட்கார்ந்தோம். முதலில் கொஞ்ச வருடங்களை அப்படியே அடித்துவிடச் சொன்னேன். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த குடல் மருத்துவர் ஒருவரின் யோசனைப்படி அந்தக் காலத்தில் துணுக்குகளை ஹாலண்ட் கரைசலில் போட்டுக்கொண்டிருந்தோம். நியூக்ளியஸ் அவ்வளவு துல்லியமாகத் தெரியும். அந்தப் பச்சைக் கரைசலில் செம்பு அசிட்டேட் இருக்கிறது. அதில் ஊறிய திசுவில் செம்பை அளந்தால் எங்கள் பாட்டிலைத்தான் அளப்பாள். சலைனில் மிதந்து வந்தவையும் வேண்டாம் என்றேன். அழுகிச் செத்ததையும் மருந்தினால் செத்ததையும் எந்த ஸ்டெய்னும் பிரித்துக் காட்டாது.

ஸ்டெய்னுக்குக் கன்ட்ரோலாக எந்தத் திசுவை வைப்பது என்பதில் எங்களுக்குள் வாக்குவாதம். அவள் கல்லீரல் என்றாள். நான் அட்ரினல் என்றேன். எஃப்.டி.எக்ஸ்-1 புரதத்தின் பழைய பெயரே அட்ரினோடாக்சின், முதலில் அங்கேதான் கண்டுபிடித்தார்கள். அட்ரினலுக்கு எங்கே போவது என்றாள். சிறுநீரகக் கட்டிக்காக எடுத்த சிறுநீரகங்களின் தலையில் ஒட்டிக்கொண்டு வந்த அட்ரினல்கள் பரண் முழுக்க இருக்கின்றன. ஏணியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி டெக்னீஷியனைக் கூப்பிட்டேன்.